கெங்கார் பரிணமிக்க மறுக்கிறதா, களத்தில் உடனே விழுகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

போகிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து மோதவிடும் போன் விளையாட்டு போகிமான் கோ. நீலகிரியில் அதை விளையாடுகிறவர்களின் சேகரிப்பில் கேஸ்ட்லி என்ற பேய் வகைப் போகிமானுக்குப் பஞ்சமே இருக்காது. விளையாட்டின் வானிலை மூடுபனிக்கு மாறினால் பேய் வகையும் இருள் வகையும் வலுப்பெறும். அதற்கு ஊட்டி, குன்னூர், கோத்தகிரியைவிடப் பொருத்தமான ஊர் எது? கேஸ்ட்லி பரிணமித்து ஹாண்டராகி, ஹாண்டர் கெங்காராகும் வரை எல்லாம் நன்றாகப் போகும். அதன் பிறகு தொடங்கும் புகார்கள் எப்போதும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்ததை இங்கே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன்.

கெங்காரின் அடிப்படை எண்கள்: தாக்குதல் 261, தற்காப்பு 149, தாங்குதிறன் 155. பலமாக அடிக்கும், அடியைத் தாங்காது. இதில் கோளாறு எதுவும் இல்லை, அதன் இயல்பே அதுதான். ஆகவே உங்கள் கெங்கார் எப்படி விழுந்தது என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை.

ஒரு முன்னெச்சரிக்கை. டிரேடு (நண்பருடன் போகிமானை மாற்றிக்கொள்வது), பரிணாமம், பவர் அப் (போகிமானின் பலத்தை ஏற்றுவது) ஆகிய மூன்றையும் செய்த பிறகு திரும்பப் பெற முடியாது. கீழே உள்ள சோதனைகளில் செலவில்லாதவற்றை முதலில் முடியுங்கள். விளையாட்டில் சேரும் ஸ்டார்டஸ்ட் என்ற துகளின் செலவு அதற்கு அடுத்தது. காசு செலவு கடைசியில்.

அறிகுறி: ஹாண்டர் பரிணமிக்க 100 கேண்டி கேட்கிறது

கேண்டி என்பது போகிமானைப் பிடிக்கும்போது சேரும் மிட்டாய். கேஸ்ட்லி ஹாண்டராக 25 கேண்டி, ஹாண்டர் கெங்காராக 100 கேண்டி. டிரேடில் கிடைத்த ஹாண்டருக்கு மட்டும் இரண்டாவது செலவு பூஜ்யம்.

முதலில் ஹாண்டரின் பக்கத்தைத் திறந்து, அது டிரேடில் வந்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே பிடித்தது என்றால் 100 கேட்பதுதான் முறை. நண்பரும் ஒரு ஹாண்டரைக் கொண்டுவரட்டும், இருவரும் மாற்றிக்கொள்ளுங்கள். "முதலில் என்னுடையதை அனுப்புகிறேன், நீ திருப்பி அனுப்பு" என்ற யோசனை நடக்காது. ஒருமுறை டிரேடான போகிமானை மறுபடி டிரேடு செய்ய விளையாட்டு அனுமதிப்பதில்லை.

ஹாண்டரைச் சுற்றி ஊதா நிறச் சுடர் தெரிந்தால் அது ஷேடோ ஹாண்டர், அதாவது விளையாட்டின் வில்லன் கூட்டமான டீம் ராக்கெட்டிடமிருந்து மீட்டது. ஷேடோ போகிமானை டிரேடு செய்ய முடியாது. 100 கேண்டி கொடுத்து நேரடியாகப் பரிணமிக்கலாம், அல்லது சுத்திகரித்து ஷேடோ தன்மையை நீக்கிய பின் டிரேடு செய்யலாம். ஷேடோவாகவே வைத்துக்கொண்டால் 20 சதவீதம் கூடுதலாக அடிக்கும், வாங்கும் அடியும் அதே அளவு கூடும். ஏற்கெனவே தாங்காத கெங்காருக்கு இது ஆபத்தான பேரம். ஆட்டக்காரர்கள் தமக்குள் மோதும் லீக் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஷேடோ கெங்காரை நான் பரிந்துரைப்பதில்லை.

அறிகுறி: டிரேடு நடக்கவில்லை

*டிரேடு பட்டியலில் ஹாண்டர் வரவே இல்லை என்றால்:* அது உங்கள் துணைப் போகிமானா, நட்சத்திரமிட்டு விருப்பப் பட்டியலில் வைத்ததா, ஏதாவது ஜிம்மில் (அணிகள் கைப்பற்றிக் காக்கும் களம்) காவல் நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றில் எதுவாக இருந்தாலும் பட்டியலில் வராது. நட்சத்திரத்தை எடுப்பதற்கு ஒரு விநாடி போதும். பெரும்பாலான புகார்கள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

*நண்பர் தொலைவில் இருப்பதாகச் சொன்னால்:* சாதாரண டிரேடுக்கு இருவரும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் போன் அப்படி நினைக்க வேண்டும் அல்லவா! தகரக் கூரை போட்ட லைன் வீட்டுக்குள், கான்கிரீட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பள்ளத்தை ஒட்டிய சரிவில் ஜிபிஎஸ் புள்ளி அங்குமிங்கும் ஓடும். திறந்த வெளிக்கு வாருங்கள். போனின் இருப்பிட அமைப்பில் துல்லியமான இருப்பிடம் இயக்கத்தில் இருக்கட்டும். பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிட்டு, வரைபடத்தில் உங்கள் உருவம் ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் வரை காத்திருங்கள். ஊட்டியில் தாவரவியல் பூங்காப் புல்வெளி, குன்னூரில் சிம்ஸ் பூங்காவின் திறந்த பகுதி போன்ற இடங்களில் இது எளிது. மேட்டுப்பாளையம் சாலையில் வளைவுக்கு வளைவு திரும்பும் பஸ்ஸில் முயல வேண்டாம். சிக்னல் போய்ப் போய் வரும், டிரேடு பாதியில் அறுந்துவிடும்.

*ஸ்டார்டஸ்ட் 20,000 கேட்டால்:* பெரும்பாலும் வாங்குகிறவரின் போகிடெக்ஸில் (பிடித்த போகிமான்களின் பதிவேடு) ஹாண்டர் பதிவாகவில்லை என்று பொருள். பதிவான சாதாரண ஹாண்டர் என்றால் 100 ஸ்டார்டஸ்ட்தான். பதிவில்லாதது சிறப்பு டிரேடு. ஒரு நாளைக்கு ஒன்றுதான் செய்ய முடியும். நட்பு நிலை உயர உயரச் செலவு குறைந்து, 90 நாள் நட்பில் 800க்கு வந்துவிடும். அவ்வளவு நாள் காத்திருக்கத் தேவையில்லை. வாங்குகிறவர் ஒரு கேஸ்ட்லியை 25 கேண்டியில் ஹாண்டராக்கினால் பதிவு விழுந்துவிடும், செலவு 100க்கு இறங்கிவிடும். இருபதாயிரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

*பாதியில் அறுந்துவிட்டது என்றால்:* இருவரும் ஆப்பை முழுவதுமாக மூடித் திறந்து, ஜர்னலைப் பாருங்கள். டிரேடு பதிவாகவில்லை என்றால் நடக்கவில்லை. ஸ்டார்டஸ்ட் குறைந்தும் ஹாண்டர் வரவில்லை என்றால் மட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் நேரமும் குறித்துக்கொண்டு, ஆப்பின் அமைப்புகளில் உள்ள உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். வேறு யாராலும் இதைச் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: பரிணமித்ததும் சிபி 1500ஐத் தாண்டிவிட்டது

சிபி என்பது போகிமானின் மொத்த பலத்தைக் காட்டும் எண். கிரேட் லீக்கில் அதன் வரம்பு 1500, அல்ட்ரா லீக்கில் 2500. தாண்டிய சிபியைக் குறைக்க வழி கிடையாது. 1500ஐத் தாண்டியதை அல்ட்ரா லீக்குக்கு ஒதுக்குங்கள், கிரேட் லீக்குக்கு வேறொன்றைத் தேடுங்கள்.

அடுத்த முறை தாண்டாமலிருக்க ஒரு கணக்கு. ஹாண்டர் கெங்காராகும்போது சிபி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். தனித்திறன் எண்களை (ஒவ்வொரு போகிமானின் தாக்குதல், தற்காப்பு, தாங்குதிறனுடன் தனியாகச் சேரும் எண்கள்) பொறுத்துச் சற்றே கூடும், குறையும். ஹாண்டர் 980க்குள் இருந்தால் கெங்கார் 1500க்குள் நிற்கும். கேஸ்ட்லியிலிருந்தே கணக்கிட்டால் 580க்குள் இருக்க வேண்டும்.

இதில் மலைக்காரர்களுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. மூடுபனி வானிலையில் பிடித்த கேஸ்ட்லி வழக்கத்தைவிட 5 நிலை உயர்ந்து வரும். அதன் தனித்திறன் எண் எதுவும் 4க்குக் கீழே இருக்காது. பார்க்க அழகாக இருக்கும், வரம்பை மட்டும் எளிதாகத் தாண்டிவிடும். கிரேட் லீக்குக்கு வேண்டிய கேஸ்ட்லியை வெயில் நாளில் தேடுங்கள் என்பது என் அறிவுரை.

வரிசையும் முக்கியம். டிரேடு செய்யும்போது தனித்திறன் எண்கள் புதிதாகக் குலுக்கப்படும், சிபியும் மாறும். ஆகவே முதலில் டிரேடு, பிறகு சிபி பார்ப்பது, அதன் பிறகே பரிணாமம். 975 என்று பார்த்து அனுப்பிய ஹாண்டர் மறுபக்கம் 1000ஐ ஒட்டி நிற்கலாம். கடைசியில் குறைவது பிரச்சினை இல்லை, பவர் அப் செய்து ஏற்றிக்கொள்ளலாம்.

தனித்திறன் பற்றி ஒரு சொல். வரம்புள்ள லீக்குகளில் பொதுவாகத் தாக்குதல் எண் குறைவாகவும் மற்ற இரண்டும் அதிகமாகவும் இருப்பதே நல்லது. நெருங்கிய நட்பில் டிரேடு செய்தால் எண்கள் 5க்குக் கீழே வராது, அதிர்ஷ்ட டிரேடில் 12க்குக் கீழே வராது. எனவே கிரேட் லீக்குக்குப் புது நண்பருடன் செய்யும் டிரேடே மேல். ஆனாலும் கெங்கார் விஷயத்தில் நான் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. ஆற்றல் சேர்த்து விடும் பெரிய தாக்குதலான சார்ஜ் அட்டாக்கை இருவரும் ஒரே கணத்தில் விட்டால் தாக்குதல் எண் அதிகமுள்ளதே முந்தும். முந்திக்கொள்வதுதான் கெங்காரின் பிழைப்பு.

அறிகுறி: பரிணமித்தது, ஆனால் உருப்படியான தாக்குதல் இல்லை

பரிணமிக்கும்போது தாக்குதல்கள் தற்செயலாக அமையும். தட்டத் தட்ட வரும் சிறு தாக்குதலான ஃபாஸ்ட் அட்டாக்கில் ஷேடோ க்ளா வேண்டும். ஹெக்ஸோ சக்கர் பஞ்சோ வந்திருந்தால் தாக்குதலை மாற்றும் பொருளான சாதாரண ஃபாஸ்ட் டிஎம் போதும், வரும் வரை மாற்றலாம்.

சார்ஜ் அட்டாக்கில் ஷேடோ பால் முதல் தேவை. இரண்டாவது இடத்தைத் திறக்க இந்தக் குடும்பத்துக்கு 50,000 ஸ்டார்டஸ்டும் 50 கேண்டியும் ஆகும். அதைத் திறக்காமல் லீக்கில் இறங்காதீர்கள். ஒரே ஒரு தாக்குதல் இருந்தால் எதிராளிக்கு ஊகிக்க எதுவுமே இருக்காது. அந்த இடத்தில் ஷேடோ பஞ்ச் அமைந்தால் சிறப்பு. 2020 ஜூலையில் சமூக நாள் என்ற விளையாட்டு நிகழ்வில் கெங்காருக்கு வந்த தாக்குதல் அது, இப்போது எலீட் சார்ஜ் டிஎம் தேவைப்படும். அது விலை உயர்ந்த பொருள் என்பதால் கடைசியாகப் பயன்படுத்துங்கள். கையில் இல்லாவிட்டால் ஸ்லட்ஜ் பாம்ப் அல்லது ஃபோகஸ் பிளாஸ்ட் வைத்து ஆடலாம். ஒவ்வொரு சீசனிலும் தாக்குதல்களின் எண்களை மாற்றுவார்கள். எலீட் டிஎம்மைத் தொடும் முன் நடப்பு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷேடோவில் ஃப்ரஸ்ட்ரேஷன் என்ற தாக்குதல் ஒட்டிக்கொண்டு போக மறுத்தால் டிஎம்மை வீணாக்க வேண்டாம். டீம் ராக்கெட் ஆக்கிரமிப்பு நிகழ்வுகளில் மட்டுமே டிஎம்மால் அதை நீக்க முடியும்.

அறிகுறி: களமிறங்கிய உடனே விழுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். சிம்ஸ் பூங்கா வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் போனை நீட்டினான். "அண்ணா, ரெண்டு ஷீல்டும் கையில் இருந்தது. அப்படியும் போய்விட்டது." திரையில் எதிராளியின் இருள் வகை அம்ப்ரியான் பச்சை நிற உயிர்க்கோடு அதிகம் குறையாமல் நின்றது. அடுத்த ஆட்டத்தை அவன் ஆடும்போது கெங்காரின் உயிர்க்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் அட்டாக் ஒன்றுகூட வரவில்லை. ஸ்னார்ல் என்ற சிறு தாக்குதலே கோட்டைப் பாதிக்குக் கீழே அரித்துவிட்டது. ஷீல்டு சார்ஜ் அட்டாக்கை மட்டுமே தடுக்கும், ஃபாஸ்ட் அட்டாக்கைத் தடுக்காது. அவனுக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

எனவே முதல் சோதனை: அடுத்த ஆட்டத்தில் கெங்காரைக் கொன்றது எது என்று மட்டும் கவனியுங்கள். வெற்றி தோல்வியை மறந்துவிடுங்கள்.

*ஃபாஸ்ட் அட்டாக்கில் கரைந்தது என்றால்:* பொருத்தம் தவறு. பேய், இருள், மனோசக்தி, நிலம் ஆகிய நான்கு வகைத் தாக்குதல்களும் கெங்காரை 1.6 மடங்கு தாக்கும். மற்ற விளையாட்டுகளில் இது மிதக்கிற பேயாக இருந்ததைப் பார்த்தவர்கள் நிலவகை படாது என்று நினைக்கிறார்கள். போகிமான் கோ விளையாட்டில் அப்படி இல்லை; ஸ்வாம்பர்ட்டின் மட் ஷாட் என்ற நிலவகைத் தாக்குதலே முடித்துவிடும். எதிரில் அம்ப்ரியானோ ஸ்வாம்பர்ட்டோ வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், ஷீல்டைச் செலவழிக்காதீர்கள். திரட்டிய ஆற்றல் கெங்காரிடமே இருக்கும், திரும்பி வரும்போது பயன்படும்.

*ஷீல்டு இருந்தும் ஒரே சார்ஜ் அட்டாக்கில் போனது என்றால்:* ஷீல்டை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். அடி தாங்கும் தடித்த போகிமான் அணியில் இருந்தால் முதல் அடியை வாங்கிக்கொண்டு ஷீல்டைக் காப்பாற்றலாம். கெங்காரை வைத்துக்கொண்டு அந்தப் பழக்கம் ஆகாது. அது களத்தில் இருக்கும்போது ஷீல்டு போட மனமில்லை என்றால் அதை அணியில் எடுக்காமலிருப்பதே நல்லது.

*ஷீல்டெல்லாம் தீர்ந்த பிறகு வந்து விழுந்தது என்றால்:* வரிசையை மாற்றுங்கள். கெங்காரை முதலில் இறக்குவது சூதாட்டம், எதிரில் யார் வருவார் என்று தெரியாது. நடுவில் மாற்றி இறக்கினால் எதிராளி உடனே இருள் வகையை இறக்குவார், நீங்கள் மறுபடி மாற்ற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். என் முடிவு: உங்கள் முன்னவர் ஒருவர் விழுந்த இடத்தில் கெங்காரை இறக்குங்கள். விழுந்த பின் அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது மாற்றும் வாய்ப்பைத் தின்பதில்லை. எதிரில் யார், அவரிடம் எவ்வளவு ஆற்றல் சேர்ந்திருக்கும் என்பதும் தெரிந்திருக்கும். மெடிச்சாம் போன்ற சண்டை வகை எதிரில் நின்றால் அதுவே தருணம். அதன் கவுண்டர் கெங்காரின் மேல் கால் பங்குதான் படும், கெங்காரின் பேய்த் தாக்குதலோ 1.6 மடங்கு இறங்கும். அதன் மனோசக்தி சார்ஜ் அட்டாக்குக்கு ஒரு ஷீல்டு மட்டும் கையில் இருக்கட்டும்.

*விழவில்லை, ஆனால் எதிராளிக்கும் அடி படவில்லை என்றால்:* எதிரில் இருப்பது இயல்பு வகை. பேய்த் தாக்குதல் அதன் மேல் 0.39 மடங்குதான். இருள் வகைக்கும் பேய்த் தாக்குதல் குறைவாகவே இறங்கும். இந்த இரண்டையும் அடிக்கடி சந்திக்கிறீர்கள் என்றால் ஷேடோ பஞ்சுக்குப் பதில் ஃபோகஸ் பிளாஸ்ட் வையுங்கள். அணியின் மற்ற இருவரில் ஒருவர் சண்டை வகையாக இருந்தால் அந்தத் தேவையும் வராது, கெங்காருக்குப் பிடிக்காத இருள் வகையை அவரே பார்த்துக்கொள்வார்.

இவ்வளவும் செய்தும் தரம் ஏறவில்லை என்றால் டிஎம், கேண்டி எதையும் மேலே கொட்டாதீர்கள். உங்கள் ஊரில் லீக்கில் தொடர்ந்து ஆடும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து ஆட்டம் பார்த்தால் தவறு எங்கே என்று சொல்லிவிடுவார். இந்தத் துறையின் நிபுணர் அவர்தான்.

அறிகுறி: திரை உறைகிறது, தட்டுவது பதியவில்லை

போட்டியில் ஒரு சுற்று என்பது அரை விநாடி. தடித்த போகிமானுக்கு ஒரு விநாடித் தடங்கல் சிறு நஷ்டம், கெங்காருக்கு அது ஒரு முழு ஆட்டம். ஆகவே மலையில் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

செலவில்லாதவை முதலில். போனின் பேட்டரி சேமிப்பை அணையுங்கள். பின்னணியில் ஓடும் பதிவிறக்கங்களை நிறுத்துங்கள். விமானப் பயன்முறையை இயக்கி அணைத்தால் போன் புதிதாக டவரைப் பிடிக்கும். சரிவில் இருக்கும் வீடுகளில் போன் 4ஜி, 5ஜி இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். அமைப்புகளில் 4ஜியில் நிறுத்திவைத்து ஒரு நாள் ஆடிப் பாருங்கள். பதிவிறக்க வேகம் அதிகமாகக் காட்டுவதை நம்ப வேண்டாம். இந்த விளையாட்டுக்கு வேகத்தைவிடத் தாமதம் குறைவாக இருப்பதே வேண்டும்.

*மழை நாளில் மட்டும் வருகிறது என்றால்:* கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மின்வெட்டை எதிர்பார்க்கலாம். மின்சாரம் போனால் வீட்டு வைஃபை போகும். நேரம் கடந்தால் டவரும் பலவீனமாகும். ரூட்டருக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று வைத்தால் முதல் பிரச்சினை தீரும். இரண்டாவதற்கு மருந்தில்லை, அன்றைக்குத் தரவரிசை ஆட்டம் ஆடாதீர்கள்.

*டிசம்பர், ஜனவரி உறைபனியில் மட்டும் வருகிறது என்றால்:* குளிரில் பேட்டரியின் ஆற்றல் தற்காலிகமாகக் குறையும். 20 சதவீதம் காட்டிக்கொண்டே போன் அணைந்துவிடும். விடியற்காலையில் வெளியே ஆடாமல், சட்டையின் உள்பையில் போனை வைத்துச் சூடாக்கிய பின் ஆடுங்கள். வெயில் ஏறிய பின்னும் இதே கோளாறு என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது, கடைக்காரரிடம் கொடுத்து மாற்றுங்கள். போனின் பின்மூடி உப்பியிருந்தாலோ, சார்ஜ் போடும்போது கைதொட முடியாமல் சுட்டாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு நேராகப் பழுது பார்ப்பவரிடம் போங்கள். அது விளையாட்டுப் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கும் பிரச்சினை.

நல்ல சிக்னல் தேடித் தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறி நின்று ஆடுகிறவர்களுக்கு: அந்தி வேளையிலும் மூடுபனியிலும் வேண்டாம். குன்னூர், கோத்தகிரி தோட்டங்களில் காட்டெருமை பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. திரையைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு அறவே தெரியாது. வீட்டுச் சன்னல் பக்கத்தில் சிக்னல் ஒரு கோடு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

அறிகுறி: மூடுபனி இருந்தும் லீக்கில் கெங்கார் பலமாக அடிக்கவில்லை

அடிக்கும் பலத்தை வானிலை கூட்டுவது ரெய்டு (பலர் சேர்ந்து ஒரு பெரிய போகிமானை எதிர்ப்பது), ஜிம் போன்ற சண்டைகளில்தான். ஆட்டக்காரர்கள் தமக்குள் மோதும் போட்டியில் கிடையாது. வெளியே மூடுபனி இருந்தும் ரெய்டில்கூடப் பலன் இல்லை என்றால், வரைபடத்தின் மேல் மூலையில் உள்ள வானிலைக் குறியைப் பாருங்கள். வானம் காட்டுவதும் விளையாட்டு காட்டுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. குறியே கணக்கு.

அறிகுறி: கணக்கில் எச்சரிக்கைச் செய்தி வந்திருக்கிறது

எஸ்டேட் பக்கம் பொருட்கள் கிடைக்கும் போகிஸ்டாப் என்ற இடங்கள் குறைவு என்பதால் இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டும் ஆப்களைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். இதற்கு மூன்று கட்டத் தண்டனை உண்டு. முதல் எச்சரிக்கை 7 நாள், இரண்டாவதில் 30 நாள் கணக்கு முடக்கம், மூன்றாவதில் நிரந்தர நீக்கம். அந்த ஆப் போனில் இருந்தால் இன்றே நீக்குங்கள். தம்பியோ தங்கையோ உங்கள் போனில் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்படி எதுவும் செய்யாமலே செய்தி வந்திருந்தால் ஆப்பின் உதவிப் பிரிவில் முறையிடலாம். கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்கும் யாரிடமும் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம்.